மேகத்துக்கு வாடகை எவ்வளவு?



கடைக்குப் போகும்போது "விலையை விசாரிச்சு வாங்குடா" என்று வீட்டில் சொல்லி அனுப்புவார்கள். கிளவுட் சர்வர் என்ற சரக்குக்கு அந்த அறிவுரை மட்டும் போதாது. விலையை எல்லாக் கம்பெனியும் பகிரங்கமாகவே போட்டு வைத்திருக்கிறது, மணிக்கு இத்தனை சென்ட் என்று. "அந்தக் காசுக்கு எவ்வளவு வேலை நடக்கும்?" என்ற கேள்விக்குத்தான் பதில் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதை நாமேதான் அளந்து தெரிந்துகொள்ள வேண்டும். அளப்பது எப்படி, அதனால் எங்கள் ஐந்து பேருக்கு என்ன மிச்சமாயிற்று என்பதே இந்தக் கட்டுரை.

கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்களுக்கு இது தெரிந்த கதை. சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. கிளவுட் என்றால் ஆகாயத்தில் ஒன்றும் இல்லை. எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ஏ.சி. போட்டு அடுக்கியிருக்கும். அதில் ஒரு துண்டை நாம் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறோம், அவ்வளவுதான். அமேசான் கம்பெனி 2006 ஆகஸ்ட்டில் ஈசி2 என்ற பெயரில் இந்த வியாபாரத்தை ஆரம்பித்தபோது ஒரே ஒரு அளவு மெஷின்தான் இருந்தது. 1.7 கிகாஹெர்ட்ஸ் பிராசஸருக்குச் சமமான வேகம், 1.75 ஜி.பி. மெமரி, 160 ஜி.பி. டிஸ்க். வாடகை மணிக்கு 10 சென்ட். ஒரே சைஸ் என்பதால் யோசிக்க ஒன்றுமில்லை. இன்று அதே கடையில் நூற்றுக்கணக்கான ரகங்கள். ஜவுளிக்கடையில் புடவை எடுக்கப் போன மாதிரி கண்ணைக் கட்டுகிறது!

எங்கள் கதை

எங்கள் கடைசி வருஷ புராஜெக்ட், சாலை சிக்னலில் எடுத்த வீடியோவைப் பார்த்து எத்தனை பஸ், எத்தனை லாரி, எத்தனை டூ வீலர் போகிறது என்று கம்ப்யூட்டரே எண்ணுவது. வீடியோவைப் படம் படமாகப் பிரித்து ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். லேப் கம்ப்யூட்டர் மாலை நாலரை மணிக்குப் பூட்டப்படும். எங்கள் ஐந்து பேரில் இரண்டு பேரிடம்தான் லேப்டாப். ஆகவே சர்வர் வாடகைக்கு எடுப்பது என்று முடிவாயிற்று. ஆளுக்கு 300 ரூபாய். மொத்தம் 1500.

முந்நூறு ரூபாய் பெரிய தொகையா என்று சிலர் கேட்கலாம். எங்களில் ஒருவனுக்கு அது அவன் அம்மாவின் ஒரு நாள் கூலி. அவன் கொடுத்த நோட்டுகள் மூன்றும் நாலாக மடித்து, கசங்கி இருந்தன. அதை வாங்கி வைத்த பிறகு, "ஏதோ ஒண்ணு எடுத்துடலாம்" என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

"மாப்ள, இருக்கறதுலயே சீப்பா ஒண்ணு எடுத்துடலாம்டா" என்றான் ஒருவன்.

"சீப்புன்னா ஸ்லோவா இருக்கும்டா. பெரிசா எடுத்தா ஒரே நாள்ல முடிஞ்சிடும்" என்றான் இன்னொருவன்.

இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். யார் சொல்வது சரி என்று பேசிக்கொண்டே இருந்தால் தெரியாது. எங்கள் சீனியர் அண்ணன் ஒருவர் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் சர்வர் பார்த்துக்கொள்கிறார். அவருக்குப் போன் போட்டோம்.

"தம்பி, மெஷின் எதுன்னு அப்புறம் கேளு. உன் வேலை எந்த மாதிரி வேலைன்னு முதல்ல சொல்லு. விட்டு விட்டு நடக்கிற வேலையா, நிக்காம ஓடற வேலையா?" என்றார் அவர்.

அந்த ஒரு கேள்வியில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது.

பெயர்ப்பலகையும் லோடு டெஸ்டும்

மின்னியல் லேபில் மோட்டாரின் பெயர்ப்பலகையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குதிரைத்திறன், வோல்ட், ஆம்பியர் இவற்றோடு ஓர் ஓரத்தில் "எஸ்1" என்று போட்டிருக்கும். இடைவிடாமல் ஓட்டலாம் என்று அர்த்தம். "எஸ்2" என்றால் கொஞ்ச நேரம் மட்டும். "எஸ்3" என்றால் ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்தி. ஒரே குதிரைத்திறன் போட்ட இரண்டு மோட்டாரில் ஒன்று எஸ்1, இன்னொன்று எஸ்2 என்றால், நாள் முழுக்கத் தண்ணீர் இறைக்க எது என்று ஐ.டி.ஐ. படித்த தம்பிகூடச் சொல்லிவிடுவான்.

சர்வரின் பெயர்ப்பலகையில் இருப்பது "வி-சிபியு" என்ற எண். "2 வி-சிபியு, 8 ஜி.பி." என்று போட்டிருந்தால் இரண்டு பிராசஸர் கோர் நமக்கே நமக்கு என்று நினைக்கத் தோன்றும். உண்மை வேறு. இன்டெல் சிப் உள்ள பெரும்பாலான கிளவுட் மெஷின்களில் ஒரு வி-சிபியு என்பது ஒரு கோர் அல்ல. ஒரு கோரில் ஓடும் இரண்டு திரெட்களில் ஒன்று. நம் ஒர்க்ஷாப்பில் ஒரே லேத்துக்கு இரண்டு பேரைப் போட்ட மாதிரி. ஒருத்தன் ஜாபை அளக்கும் நேரத்தில் இன்னொருத்தன் ஓட்டலாம், கொஞ்சம் கூடுதல் வேலை நடக்கும். ஆனால் லேத் ஒன்றுதானே?

அமேசான் தானே வடிவமைத்து 2018-இல் கொண்டுவந்த கிராவிட்டான் என்ற ஏ.ஆர்.எம். வகை சிப்பில் ஒரு வி-சிபியு என்றால் ஒரு முழுக் கோர். அந்த வகையில் எம்6ஜி.லார்ஜ் என்ற மெஷினின் வாடகை, அமெரிக்காவின் வர்ஜீனியா மையத்தில் மணிக்கு 0.077 டாலர். அதே 2 வி-சிபியு, 8 ஜி.பி. உள்ள இன்டெல் எம்5.லார்ஜ் 0.096 டாலர். பலகையில் ஒரே எண்; உள்ளே இருப்பது வேறு; விலையும் வேறு. ஆனால் ஏ.ஆர்.எம். மெஷினில் நம் புரோகிராம் ஓடுமா என்று முதலில் பார்க்க வேண்டும். பைத்தான், ஜாவா, பி.எச்.பி., மைஎஸ்க்யூஎல் எல்லாம் ஓடும். யாரோ இன்டெலுக்கு மட்டும் கம்பைல் செய்து கொடுத்த புரோகிராம் அப்படியே ஓடாது.

கிரெடிட் என்ற சேமிப்பு உண்டியல்

எஸ்1, எஸ்2 வித்தியாசம் சர்வரிலும் உண்டு. அமேசான் 2014-இல் டி2 என்ற ரகத்தைக் கொண்டுவந்தது. 2018-இல் அதன் தம்பி டி3 வந்தது. இவை விலை குறைந்த மெஷின்கள். சும்மா இருக்கும் நேரத்தில் "கிரெடிட்" என்ற புள்ளிகளை உண்டியலில் சேர்த்து வைக்கும். வேலை வந்தால் உடைத்துச் செலவழிக்கும். ஒரு கிரெடிட் என்றால் ஒரு வி-சிபியு ஒரு நிமிஷம் முழு வேகத்தில் ஓடலாம்.

டி3.மைக்ரோ என்ற மெஷினை எடுத்துக்கொள்வோம். 2 வி-சிபியு. மணிக்கு 12 கிரெடிட் சேரும். அதிகபட்சம் 288 வரை சேர்த்து வைக்கலாம். இரண்டு வி-சிபியுவும் முழு மூச்சில் ஓடினால் மணிக்கு 120 செலவு. வரவு 12 போக, நிகரமாக 108 குறையும். 288-ஐ 108-ஆல் வகுத்தால் 2 மணி 40 நிமிஷம். உண்டியல் காலி! அதற்குப் பிறகு ஒவ்வொரு வி-சிபியுவும் 10 சதவீத வேகத்தில்தான் நகரும்.

"காலியானாலும் பரவாயில்லை, கூடுதல் காசு தருகிறேன், ஓடு" என்று சொல்லும் வசதியும் உண்டு. டி3-இல் நாம் மாற்றாவிட்டால் அதுதான் தானாக அமலில் இருக்கும். லினக்ஸ் மெஷினுக்கு அந்தக் கூடுதல் கட்டணம் ஒரு வி-சிபியுவுக்கு மணிக்கு 0.05 டாலர். இங்கேதான் வேடிக்கையே இருக்கிறது.

டி3.லார்ஜ், எம்5.லார்ஜ் இரண்டுக்கும் 2 வி-சிபியு, 8 ஜி.பி. வர்ஜீனியா விலைப்படி டி3.லார்ஜ் மணிக்கு 0.0832 டாலர். எம்5.லார்ஜ் 0.096. பட்டியலைப் பார்த்தால் டி3 மலிவு. டி3.லார்ஜின் அடிப்படை அளவு 30 சதவீதம். அதற்கு மேல் ஓடுவதெல்லாம் உண்டியல் கணக்கு. உண்டியல் தீர்ந்த பின் முழு வேகத்தில் ஓட்டினால் மீதி 70 சதவீதத்துக்கு, இரண்டு வி-சிபியுவுக்கும் சேர்த்து 0.07 டாலர் கூடும். ஆக மொத்தம் 0.1532 டாலர். மலிவு என்று எடுத்த மெஷின், விலை கூடிய மெஷினை விட ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிட்டது!

இதனால் டி3 மோசம் என்று அர்த்தமில்லை. சராசரியாக 43 சதவீதத்துக்குக் கீழே வேலை வாங்கினால் டி3.லார்ஜ்தான் லாபம். எப்போதாவது நாலு பேர் வந்து பார்க்கும் வெப்சைட்டுக்கு அது தங்கம். நிற்காமல் ஓடும் வேலைக்குத்தான் ஆகாது. எஸ்2 மோட்டாரைக் கிணற்றில் போட்டு ராத்திரி பகலாக ஓட்டினால் குற்றம் மோட்டார் மேலா?

அளந்த முறை

நாங்கள் அளந்தோம். இரண்டு கம்பெனிகளில் சின்ன மெஷின்கள் எடுத்து, சிஸ்பெஞ்ச் என்ற இலவச புரோகிராமைப் போட்டோம். அது பகா எண்களைக் கண்டுபிடித்துக்கொண்டே போகும்; வினாடிக்கு எத்தனை முறை முடித்தது என்று சொல்லும். நிமிஷத்துக்கு ஒரு முறை அந்த எண்ணை ஒரு ஃபைலில் எழுத வைத்தோம்.

எத்தனை நேரம் ஓட்டுவது என்பதில்தான் விவாதம். "அஞ்சு நிமிஷம் போதும்டா" என்றான் ஒருவன். மோட்டார் லோடு டெஸ்டில் சூடு நிலைக்கு வந்த பிறகுதானே ரீடிங் எடுக்கச் சொல்வார் லேப் சார்? அதே விதி இங்கேயும் என்று ராத்திரி முழுக்க ஓட விட்டோம். ஒரு மெஷின் முதல் சில மணி நேரம் கோடு கிழித்த மாதிரி நேராகப் போயிற்று. பிறகு மாடியிலிருந்து விழுந்த மாதிரி சரிந்து, பழைய வேகத்தில் பத்தில் ஒரு பங்கில் போய்ப் படுத்துக்கொண்டது. அதுவும் உண்டியல் ரகம். ஐந்து நிமிஷம் மட்டும் பார்த்திருந்தால் அந்த மெஷினுக்குத்தான் முதல் பரிசு!

இன்னொரு மெஷின் வேறு விதம். விடியற்காலையில் நன்றாக ஓடியது, சாயங்காலம் தடுமாறியது. லினக்ஸில் "டாப்" என்று அடித்தால் வரும் வரிசையில் "எஸ்டி" என்று ஒரு எண் இருக்கும். நம் மெஷின் ஓடத் தயாராக இருந்தும், அதே பெரிய கம்ப்யூட்டரை மற்றவர்களும் பங்கு போடுவதால் முறை வராமல் காத்திருந்த நேரம் அது. "திருடப்பட்ட நேரம்" என்றே அதற்குப் பெயர். விடியலில் பூஜ்யமாக இருந்த அந்த எண் சாயங்காலம் ஏறி நின்றது. தெருவில் எல்லோரும் மோட்டார் போட்டதும் நம் குழாயில் தண்ணீர் குறைகிற கதைதான்.

ஆகவே நாங்கள் வைத்துக்கொண்ட விதிகள் நாலு. ஒன்று, நம் சொந்த வேலையையே சோதனையாக ஓட்டு. பகா எண் கணக்கு ஒரு துணைக்குத்தான். இரண்டு, மணிக்கணக்கில் ஓட்டு. மூன்று, காலையிலும் மாலையிலும் வேறு வேறு நாளிலும் ஓட்டு. நாலு, கடைசியில் வேகத்தை மட்டும் பார்க்காதே; ஒரு ரூபாய்க்கு எத்தனை படம் சோதித்தது என்று வகுத்துப் பார்.

பில்லில் ஒளிந்திருப்பவை

வாடகை மட்டும்தான் செலவு என்று நினைத்தால் மாதக் கடைசியில் திடுக்கிட வேண்டியிருக்கும். இன்டர்நெட்டில் நம் மெஷினைக் கூப்பிட ஒரு ஐபிவி4 முகவரி வேண்டும். 2024 பிப்ரவரி 1 முதல் அமேசான் அதற்கும் மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது. அவர்களுடைய மிகச் சிறிய மெஷின்களில் ஒன்றான டி3.நானோவின் வாடகை 0.0052 டாலர். வீட்டு வாடகையும் கதவு எண்ணுக்கு வாடகையும் ஏறக்குறைய ஒன்றே!

டிஸ்க் தனி. ஜிபி3 என்ற ரகம் ஒரு ஜி.பி.க்கு மாதம் 0.08 டாலர். வினாடிக்கு 3000 முறை படிக்கலாம், எழுதலாம். அதற்கு முந்தைய ஜிபி2 விலை 0.10 டாலர், அதில் வேகம் டிஸ்க்கின் அளவைப் பொறுத்தது. 20 ஜி.பி. போன்ற சிறிய டிஸ்க்குக்கு நிலையான வேகம் வினாடிக்கு 100 முறைதான், மீதிக்கு அங்கேயும் ஒரு உண்டியல். 2020 டிசம்பரில் புதிய ரகம் வந்த பிறகும், பழைய பாடக்குறிப்பைப் பார்த்து ஜிபி2 எடுத்தால் காசும் கூட, வேகமும் குறைவு. மெஷினை நிறுத்தினால் வாடகை நிற்கும். டிஸ்க்குக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

டேட்டாவை உள்ளே அனுப்பக் காசு இல்லை. வெளியே எடுத்தால் மாதம் 100 ஜி.பி.க்கு மேல் ஒவ்வொரு ஜி.பி.க்கும் 0.09 டாலர். எல்லாவற்றுக்கும் மேல் நம் ஊர் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்.

தூரமும் ஒரு விலைதான். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆயிரம் கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மில்லி செகண்ட். சென்னையிலிருந்து மும்பைக்கு அது போதும். வர்ஜீனியாவுக்கு நேர்கோட்டில் போனாலே 130-க்கு மேல். அமேசான் 2016-இல் மும்பையில் மையம் திறந்தது. மைக்ரோசாஃப்ட் 2015-லேயே சென்னையில் திறந்துவிட்டது. யாராவது பட்டனை அழுத்திப் பதிலுக்குக் காத்திருக்கும் வேலை என்றால் பக்கத்து மையம் எடுக்க வேண்டும். ராத்திரி முழுக்க வீடியோ எண்ணும் வேலைக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை.

கணக்கு முடிந்தது

எங்கள் வேலையை இரண்டாகப் பிரித்தோம். வண்டி எண்ணுவது நிற்காத வேலை. முடிவைக் காட்டும் பக்கம் எப்போதாவது திறக்கும் வேலை. முன்னதற்கு நிலையான வேகம் தரும் சி5.லார்ஜ், மணிக்கு 0.085 டாலர். தினம் 2 மணி நேரம், 20 நாள், மொத்தம் 40 மணி. 3.40 டாலர். பின்னதற்கு மாதம் முழுக்க ஒரு டி3.நானோ, 730 மணிக்கு 3.80 டாலர். முகவரிகள் இரண்டுக்கும் சேர்த்து 3.85. டிஸ்க் 20 ஜி.பி.க்கு 1.60. கூட்டினால் 12.65 டாலர். ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 1138 ரூபாய். வரியோடு 1343.

அதே சி5.லார்ஜை அணைக்காமல் மாதம் முழுக்க விட்டிருந்தால் அதன் வாடகை மட்டும் வரியோடு சுமார் 6600 ரூபாய் ஆகியிருக்கும். அணைக்கிற பொறுப்பை மனுஷன் ஞாபகத்துக்கு விடவில்லை. வேலை முடிந்ததும் மெஷின் தன்னைத்தானே அணைத்துக்கொள்ள ஒரு வரி எழுதிவிட்டோம். 2017 அக்டோபர் முதல் லினக்ஸ் மெஷினுக்கு வினாடிக் கணக்கில்தான் வாடகை. முன்பு ஒரு மணி ஒரு நிமிஷம் ஓடினால் இரண்டு மணிக்கான காசு. ஆகையால் இப்போது சீக்கிரம் அணைத்தால் அணைத்த வினாடியிலிருந்து மிச்சம்.

இன்னும் குறைக்கவும் வழி உண்டு. யாரும் எடுக்காமல் கிடக்கும் மெஷின்களை "ஸ்பாட்" என்று தள்ளுபடியில் தருகிறார்கள். 90 சதவீதம் வரைகூடத் தள்ளுபடி கிடைக்கும். ஆனால் அவர்களுக்குத் தேவைப்பட்டால் இரண்டு நிமிஷ நோட்டீஸில் பிடுங்கிக்கொள்வார்கள். செய்த வரையில் சேமித்துக்கொள்ளும்படி புரோகிராம் எழுதத் தெரிந்தவனுக்கு அது வரப்பிரசாதம். வைவா அன்றைக்கு டெமோ காட்ட அதை நம்பக் கூடாது!

மீந்தது 157 ரூபாய். ஆளுக்கு முப்பத்தொன்று வீதம் பங்கிட்டுக்கொண்டோம். மடித்த நோட்டு கொடுத்தவன், "டீ சாப்பிடலாம்டா" என்று தன் பங்கை டீக்கடையில் வைத்தான். நாங்கள் விடவில்லை. டீக்காசை நாங்கள் நாலு பேரும் போட்டோம்.

நண்பர்களே, "டிப்ளமோதானே" என்று நம்மை இன்டர்வியூவில் இளக்காரமாகப் பார்ப்பவர்கள் உண்டு. டிப்ளமோக்காரன் லேபில் ரீடிங் எடுத்துப் பழகியவன். பெயர்ப்பலகையில் போட்டிருப்பதை அப்படியே நம்பாமல் லோடு போட்டுப் பார்க்கப் பழகியவன். நாளைக்கு நீங்கள் சேரும் சின்னக் கம்பெனியில் மாதா மாதம் சர்வருக்குக் காசு போய்க்கொண்டிருக்கும். அது எந்த வேலைக்குப் போகிறது, ஒரு ரூபாய்க்கு எவ்வளவு நடக்கிறது என்று அளந்து ஒரு தாளில் எழுதி முதலாளி மேஜையில் வையுங்கள். உங்கள் பட்டம் என்ன என்று அதற்குப் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள்.

அளப்போம்! அறிவோம்! உயர்வோம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
கணினிப் பொறியியல் பிரிவு